கேஜ் கதவு மூடின பிறகு

ஜெயசீலியின் பயம் சாதாரணப் பயம் இல்லை. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அடுப்படியை விட்டு ஹாலுக்கு வந்து நின்றுகொள்வாள். கேஸ் சிலிண்டரை மாற்றுவதற்குக் கணவன் டக்ளஸ் வேலை முடிந்து பெங்களூரிலிருந்து ரயில் பிடித்து வர வேண்டும். அதுவரை வீட்டில் காப்பி கிடையாது. தெருவில் நாய் படுத்திருந்தால், அது தூங்குகிறதா நடிக்கிறதா என்று நின்று யோசித்துவிட்டு வேறு சந்து வழியாகப் போவாள். சுரங்கக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டின சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாத ஆள் இல்லை. அப்படிப்பட்டவள் இன்றைக்குத் தங்க வயல் சுற்று வட்டாரத்தில் தக்காளிக்கும் மாமரத்துக்கும் ட்ரோன் விட்டு மருந்து அடிக்கிறாள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருத்தரும் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

ட்ரோன் என்றதும் கல்யாண வீட்டில் படம் எடுக்கிற பொம்மையை நினைத்துக்கொள்கிறார்கள். இது அது இல்லை. ஆறு கையையும் விரித்து நின்றால் ஒரு கயிற்றுக் கட்டில் இடத்தை அடைக்கும். டேங்கில் மருந்தை நிரப்பிவிட்டால் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. றெக்கை சுற்ற ஆரம்பித்ததும் புழுதியும் சருகும் கிளம்பிக் கண்ணை மறைக்கும். குறுக்கே விரல் போனால் அவரைக்காயாக நறுக்கிப் போட்டுவிட்டு அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இத்தனையும் செடிக்குச் சற்று மேலே நடக்கிறது. உயரத்தில் பறந்தால் மருந்து காற்றோடு போய்விடும், அதனால் தாழத்தான் பறந்தாக வேண்டும். வம்பெல்லாம் அங்கேதான். மேலே ஆகாயம் காலியாகக் கிடக்கிறது. கம்பம், கம்பி, மரக்கிளை, மாடு, மனுஷன் எல்லாம் கீழேதான் இருக்கிறது.

இந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. பல வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்தவள் அவள். மாரிக்குப்பத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், சாம்பியனில் ஏறினால் நிற்க இடம் கிடைக்கும், பங்காருபேட்டை தாண்டிவிட்டால் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இடம். அந்த நெரிசலில் தினமும் அவள் மேல் சாய்ந்துகொண்டே வந்த லதாதான் பிறகு சிநேகிதியானாள். லதாவுக்கு ஜெயசீலியைவிட எட்டு வயசு குறைவு, பயம் என்பது மருந்துக்கும் கிடையாது. வாய் மட்டும் ஓயாது. ரயில் ஓடுகிற நேரம் முழுக்க ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே வருவாள். டக்ளஸ் குறட்டை விடுவாரா, மாமியார் ஏன் வரவில்லை, இந்தப் புடவை எங்கே எடுத்தது, இப்படி.

ஜெயசீலி வேலை பார்த்த கம்பெனி ஒருநாள் மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. அதே சமயம் அவர்களுடைய மகளிர் குழுவுக்கு அரசாங்கத் திட்டத்தில் ஒரு ட்ரோன் வந்தது. ஓட்டக் கற்றுக்கொள்கிறவள் பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும். குழுவில் தைரியசாலிகள் எல்லோரும் பத்தாவது ஃபெயில், லதாவும்தான். பாஸ் பண்ணினவளோ குக்கருக்குப் பயப்படுகிறவள். வேறு வழியில்லாமல் அவளையே பயிற்சிக்கு அனுப்பினார்கள். மருந்து கலக்க, பேட்டரி மாற்ற, நிலத்தின் அந்தக் கோடியில் சிவப்புக் கொடியோடு நின்று யாரும் குறுக்கே வராமல் பார்க்க லதாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பயிற்சியில் மற்றவர்கள் எவ்வளவு வேகம் போகும், ஒரு நாளைக்கு எத்தனை ஏக்கர் அடிக்கலாம் என்று கேட்டார்கள். ஜெயசீலி கம்பியைப் பற்றி மட்டும் கேட்டாள், அதையும் மூன்று தடவை. வாத்தியார் அலுத்துப்போய்ச் சொன்ன பதில் அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. கம்பியைத் தேடாதே, அது கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடு என்றார். இன்னொன்றும் சொன்னார். நீ திரையில் கோடு போட்டுக் கொடுத்தால் இயந்திரம் அதன் மேலேயே போய் வந்துவிடும், போவதற்கு நீ தேவையில்லை, நிறுத்துவதற்குத்தான் நீ இருக்கிறாய் என்றார்.

ஆகவே ஜெயசீலி நடந்தாள். எந்த நிலத்துக்குப் போனாலும் இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னால் நாலு பக்கமும் சுற்றி வந்து கம்பத்தை எண்ணுவாள். எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பத்துக்குக் கம்பி போகும் என்று விரலால் ஆகாயத்தில் கோடு இழுத்துப் பார்ப்பாள். விவசாயிகளுக்குப் பொறுமை இருக்காது. நடக்கிற பைலட் என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். அவள் வெட்கப்படுவாள், ஆனாலும் நடப்பாள்.

இந்தப் பயத்துக்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா மாணிக்கராஜ் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மேல்பாறை சரியாமல் மரமுட்டு கொடுக்கிற வேலை பார்த்தவர். சுரங்கம் மூடின மறு வருஷமே அவரும் போய்விட்டார். ஷிப்டுக்குப் போகிறவன் கையில் பித்தளை டோக்கன் ஒன்று கொடுப்பார்கள். யார் யார் பூமிக்குள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. அவர் கேங்கில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டை அவர்கள் கேஜ் என்பார்கள். அந்தக் கேஜ் வாசலில் நிற்கும்போது ஒருத்தனுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருநாள் மாணிக்கராஜே அப்படித் திரும்பி வந்தார். அன்றைக்குக் கீழே ஒன்றுமே நடக்கவில்லை, போனவர்கள் எல்லோரும் முழுசாக மேலே வந்தார்கள். ஆனாலும் யாரும் அவரைக் கேலி பண்ணவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு மறுபாதியும் உண்டு. கேஜ் கதவு மூடிவிட்டால் மூடினதுதான். அதற்குப் பிறகு எவனும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தன் உள்ளே பயந்தால் கூட நிற்கிற அத்தனை பேருக்கும் கால் ஆடிவிடும் என்பது அவர்கள் நியாயம். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோல்தான். கல்யாணத்தன்றைக்குக் கோயில் வாசலில் ஜெயசீலி வெலவெலத்து நின்றபோது, டோக்கன் திருப்புவதென்றால் இப்போதே திருப்பு, உள்ளே போனபிறகு மூச்சு விடக் கூடாது என்றுதான் அம்மா காதில் சொன்னாள். அவள் உள்ளே போனாள். டக்ளஸின் குறட்டையைப் பற்றி இன்றுவரை மூச்சு விடவில்லை.

போன ஐப்பசியில் பேத்தமங்கலம் பக்கத்தில் விநாயக்கின் தக்காளித் தோட்டத்துக்கு மருந்து அடிக்கப் போனார்கள். விநாயக் கன்னடக்காரப் பையன், நல்லவன், அவசரக்காரன். இலையில் கருகல் நோய் விழுந்திருந்தது, கிழக்கே மேகம் கட்டியிருந்தது. மழைக்கு முன்னால் அடித்துவிட வேண்டும் என்று, இவர்கள் லக்கேஜ் ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள் டிரம்மில் மருந்தைக் கலக்கியே வைத்துவிட்டான். கலக்கின மருந்து காத்திருக்காது. அந்த சீசனில் அவள் அங்கே ஏற்கெனவே இரண்டு தடவை அடித்திருக்கிறாள், இரண்டு தடவையும் நாலு பக்கம் நடந்திருக்கிறாள். தெரிந்த நிலம்.

தெரிந்த நிலம்தான் ஆளைக் கவிழ்க்கும். அவள் வழக்கம்போல நடக்கத் தொடங்கினாள். தெற்கே ஒரு வேப்பமரம், மேற்கே வரப்பு, வடக்கே பம்ப் ஷெட்டுக்குப் போகிற மின்கம்பங்கள். கிழக்கே முள்வேலியும் அதற்கு அப்பால் பக்கத்து நிலத்துக்காரரின் தைலமரத் தோப்பும். மூன்று பக்கம் முடித்துக் கிழக்கே திரும்பும்போது புளியமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூலிப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். போன தடவை பார்த்த நிலம்தானேக்கா, அது எங்கேயும் ஓடிப் போகவில்லையே என்றான் விநாயக். "ஏனூ ஆகல்ல," ஒன்றும் ஆகாது என்று அவன் பாஷையிலும் சொன்னான். மழை வந்துவிடும் வாக்கா என்று லதாவும் கூப்பிட்டாள்.

ஜெயசீலிக்கு மனசு ஒப்பவில்லை. தோப்பைப் பார்த்தாள். தைலமரங்கள் நெடுநெடுவென்று கம்பம் கம்பமாக நின்றன. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் விநாயக் அவள் அப்பாவின் கேங்க்காரன் இல்லை. ஏன் என்று கேட்பான். மனசு ஒப்பவில்லை என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. வெட்கம் பயத்தை ஜெயித்துவிட்டது, அவள் நாலாவது பக்கத்தை நடக்காமலேயே திரும்பி வந்தாள்.

முதல் சில டேங்குகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தீர்ந்தன. அவள் மேற்கு வரப்பில் ரிமோட்டோடு நின்றாள். இயந்திரம் தெற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்துத் தோப்பு வரைக்கும் போவதும் திரும்புவதுமாக, ஒவ்வொரு சாலாக வடக்கே நகர்ந்து வந்தது. லதா எதிர்ப்பக்கம், வடகிழக்கு மூலையில், ஆள் வருகிறதா என்று வயலையே பார்த்தபடி தோப்புக்கு முதுகு காட்டி நின்றாள். வேலியோரம் நிற்க இடமில்லாததால் இரண்டு தக்காளி வரிசைக்கு நடுவிலிருந்த வாய்க்காலில் நின்றாள். செடி சாயாமல் இருக்க வரிசைக்கு வரிசை குச்சி நட்டு, அவள் இடுப்பு உயரத்தில் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி, காலடியில் சொட்டு நீர் பாய்ந்த ஈரம்.

கடைசி டேங்க் ஏறிப் பாதி தீர்ந்திருக்கும். ஜெயசீலி தோப்புப் பக்கம் பார்த்தாள். இரண்டு ரெட்டைவால் குருவிகள் ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தன. கிளை கிடையாது, கம்பம் கிடையாது, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. ஒன்றுமில்லாத இடத்தில் குருவி உட்காராது என்பது அவளுக்குத் தெரியும். நிறுத்துகிற பட்டனுக்கு மேலே அவள் கட்டைவிரல் போய் நின்றது. அழுத்தியிருந்தால் இயந்திரம் அந்த இடத்திலேயே மிதந்தபடி நின்றிருக்கும். அப்படியே பின்னால் இழுத்துத் தரையில் இறக்கியிருக்கலாம்.

அவள் அழுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நேரம் இருந்தது, அந்த நேரம் போய்விட்டது, கதவு மூடிவிட்டது, இனி வாயை மூடிக்கொண்டு போய்ச் சேருவதுதான் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று தீர்மானமாகச் சொன்னது. அது ரத்தத்தில் ஊறின நினைப்பு. இன்னும் நாலு சால்தான் பாக்கி. இயந்திரம் திரும்பி வந்தது, மறுபடி போனது. குருவிகள் எழுந்து பறந்தன.

பிறகு தெரிந்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். பக்கத்து நிலத்துக்காரர் போன வாரம் புது போர்வெல் போட்டிருந்தார். அரசாங்க மின்லைன் கிடைக்கிறவரைக்கும் பொறுக்காமல், தைலமரக் கொம்புகளைத் தோப்போரமாக நட்டு, அதன் மேல் உறையில்லாத அலுமினியக் கம்பிகளை இழுத்திருந்தார். மரத்தோடு மரமாக நின்ற கொம்பு தூரத்திலிருந்து தெரியாது, பக்கத்தில் போனால் குருடனுக்கும் தெரியும். கம்பி நேராகவும் போகவில்லை. தெற்கே வேலிக்கு வெளியே இருந்தது, வடக்கே வர வரச் சாய்ந்து, தொய்ந்து, விநாயக் நிலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் முந்தின டேங்குகள் தப்பின.

இயந்திரத்தின் கால் கம்பியில் மாட்டியது. அது விடுவித்துக்கொள்ள இழுத்தது. நீலமாக ஒரு வெளிச்சம், வெடிச் சத்தம். ட்ரோன் முள்வேலியில் போய் விழுந்தது. அறுந்த கம்பி சுருண்டு வந்து தக்காளி வரிசையின் மேல், லதாவிடமிருந்து பத்தடி தள்ளி விழுந்தது. ஈர இலை வரிசை நெடுகச் சீறியது.

தங்க வயல்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே வெடித்தாலும் அதை நோக்கித்தான் ஓடுவார்கள். சங்கு ஊதினால் சுரங்க வாசலுக்கு ஓடி ஓடிப் பழகின ஊர். லதா கொடியைக் கீழே போட்டுவிட்டு, வேலியில் கிடந்த இயந்திரத்தின் பக்கம் போவதற்குக் குனிந்தாள். குறுக்கே இருந்த இரும்புக் கம்பியைத் தூக்கி நுழையக் கை நீட்டினாள்.

"லதா, கை வைக்காத! கம்பியில கரண்டு கீது. ரெண்டு காலையும் சேத்து வெச்சிக்கினு அப்டியே நில்லு."

ஜெயசீலிக்கு இப்படி ஒரு குரல் இருந்தது அவளுக்கே தெரியாது. லதாவின் கை பாதியில் நின்றது. மெதுவாக அதை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்குள் கம்பி, இடது பக்கத்துக் கம்பியின் மேல்தான் அறுந்த மின்கம்பி விழுந்திருந்தது. வலது பக்கத்தில் கரண்டு இருக்கிறதா இல்லையா, யாருக்கும் தெரியாது. மண்ணெல்லாம் ஈரம். ஓட நினைத்த விநாயக்கை ஜெயசீலி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். தோப்புக்கு அப்பால் புது போர்வெல் மோட்டார் ஓடுகிற சத்தமும் பண்ணைக் குட்டையில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் கேட்டன. மற்றக் கம்பிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அந்தச் சத்தம் சொன்னது. விநாயக் லைன்மேனுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. மறுபடி போட்டான், எடுக்கவில்லை. ஊருக்குள் போய் ஆளைப் பிடித்து வருகிறேன் என்று பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். அவன் போனதும் மழையின் முதல் துளி ரிமோட் திரையில் விழுந்தது.

அதற்கப்புறம் அந்த வயலில் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. கூலிப் பெண்கள் புளியமரத்தடியில் எழுந்து நின்றார்கள். ஜெயசீலி காய்ந்த வரப்பு எதுவரை போகிறதோ அதுவரை போய் நின்றாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அதற்கு மேல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. அங்கிருந்து லதாவின் முகம் தெரிந்தது. ஆயுசு முழுக்கப் பயந்தவளுக்கு அது வரைக்கும் பயம் என்றால் என்னவென்றே தெரியாது போலிருந்தது. தன் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, தன் காலடியில் மண் காய்ந்திருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"அக்கா, உக்காந்துக்கவா?" என்றாள் லதா. அவள் குரல் சின்னக் குழந்தையினுடையது மாதிரி இருந்தது.

உட்கார்ந்தால் முழங்கை கம்பியில் படும், சாய்ந்தால் தோள் படும். ஜெயசீலிக்கு அப்போது ரயில்தான் ஞாபகம் வந்தது. கையை உடம்போடு ஒட்டி, காலை நகர்த்தாமல், பெங்களூர் வரைக்கும் நின்ற பழக்கம் இருவருக்கும் உண்டு.

"ட்ரெயின்ல எங்கடி உக்காருவ? பங்காருபேட்ட தாண்டிடுச்சி, கூட்டம் நெரிக்குது, கைய எடுக்க எடமில்ல. அப்டி நின்னுக்கோ. இன்னா ஸ்டேஷன் வருது, சொல்லு."

லதா பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. டேக்கல் என்றாள். மாலூர் என்றாள். ஜெயசீலி ஒவ்வொன்றுக்கும் அடுத்தது, அடுத்தது என்று கேட்டாள். தேவன்கொந்தி, ஒயிட்ஃபீல்டு, கிருஷ்ணராஜபுரம். மழை தூறலாக விழுந்து லதாவின் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது, அவள் அதை ஒதுக்கக் கையைத் தூக்கப் போனாள், ஜெயசீலி கூட்டம், கூட்டம் என்றாள், கை நின்றுவிட்டது. கண்டோன்மென்ட் வந்தது, சிட்டி வந்தது. கம்பி இன்னும் சீறிக்கொண்டிருந்தது. சாயங்கால ட்ரெயின் ஏறு, திரும்பி வா என்றாள் ஜெயசீலி. அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடியது, மழையா கண்ணீரா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஆண்டவரே என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னாள், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

திரும்பி வருகிற ரயில் மாலூருக்கு வந்தபோது மோட்டார் சத்தம் நின்றது. குட்டையில் தண்ணீர் விழுகிற சத்தமும் நின்றது. லதா நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் இல்லை, சாம்பியன் வந்தால்தான் இறங்குவது என்றாள் ஜெயசீலி. கரண்டு போனமாதிரி போய்த் திரும்ப வரும் என்று அவளுக்குத் தெரியும். விநாயக்கின் பைக்கில் லைன்மேன் வந்து சேர்ந்தார். டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கம்பியை அவர் சோதித்துப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் லதா காலை எடுத்து வைத்தாள். வரப்புக்கு வந்ததும் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஊருக்குத் திரும்புகிற வழி நெடுக அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

குழு கூடியது. தப்பு பக்கத்து நிலத்துக்காரருடையது என்று எல்லோரும் சொன்னார்கள், திருட்டுத்தனமாக இழுத்த கம்பி என்றார்கள், அது உண்மையும்கூட. ஜெயசீலி சமயோசிதமாகக் கத்தினதால்தான் ஒரு உயிர் பிழைத்தது என்று பாராட்டினார்கள். பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு நெருப்பாக இருந்தது. நாலாவது பக்கம் நடக்காததுகூடப் போகட்டும், அதை விநாயக் பார்த்தான், லதா பார்த்தாள். குருவிகளை அவள் பார்த்தது யாருக்கும் தெரியாது.

சில நாள் கழித்துக் காலையில் குழாயடியில் லதா தனியாகக் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலி பக்கத்தில் போய் நின்று, கம்பி அறுவதற்கு முன்னாலேயே அங்கே கம்பி இருப்பது தனக்குத் தெரியும் என்று சொன்னாள். குருவி உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள், கட்டைவிரல் பட்டன் மேலே இருந்ததையும் சொன்னாள்.

"அப்பறம் இன்னாத்துக்குக்கா எறக்கல?"

ஏறிவிட்டதே, கேஜ் கதவு மூடினப்புறம் நிறுத்தக் கூடாது என்று தோன்றிவிட்டது, அப்பா வீட்டுப் பழக்கம் என்று ஜெயசீலி முணுமுணுத்தாள். லதாவும் சுரங்கக்காரர் பேத்திதான், அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் குழாயை மூடினாள். குடத்தை இடுப்பில் ஏற்றவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"கேஜுல நீ எங்கக்கா இருந்த? நான்தானே இருந்தேன்."

ஜெயசீலி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அப்பா வாயை மூடிக்கொண்டு நின்றார் என்றால், கூட நின்றவர்களோடு சேர்ந்து அதே கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் நின்றார். இவளோ காய்ந்த வரப்பில் செருப்புப் போட்ட காலோடு நின்றாள். அவருடைய தைரியத்தை எடுத்து இவள் லதாவின் உயிரை வைத்து விளையாடிவிட்டாள். இந்த நினைப்பு அவளை விட்டு இன்றுவரை முழுசாகப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

ட்ரோனை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தார்கள். தை மாசம் மாமரம் பூத்தபோது முதல் அழைப்பு வந்தது. லதா வருவாள் என்று ஜெயசீலி எதிர்பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. ஆனால் லக்கேஜ் ஆட்டோ கிளம்புகிற நேரத்துக்கு லதா கொடியோடு வந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். தோப்புக்காரர் வயசானவர், முன்கோபி. ஜெயசீலி நாலு பக்கமும் நடந்தாள், யார் சிரித்தாலும் கவலைப்படாமல் இரண்டு சுற்று நடந்தாள். எங்கேயும் கம்பம் இல்லை, கொம்பு இல்லை. லதா அந்தக் கோடியில் வெட்டவெளியில் போய் நின்றாள். ட்ரோன் ஏறியது.

பாதி டேங்க் தீர்ந்தபோது, விநாயக் நிலத்தில் அன்றைக்கு ஆன மாதிரியே, அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சுற்றிப் பார்த்தாள். நல்ல வெயில், காற்று அடங்கியிருந்தது, குருவி கிருவி எதுவும் இல்லை. லதா தூரத்தில் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஜெயசீலி பட்டனை அழுத்தினாள். இயந்திரம் நின்றது. மெதுவாகப் பின்னால் இழுத்துக் காலடியில் இறக்கி றெக்கையை நிறுத்தினாள்.

தோப்புக்காரர் ஓடி வந்து என்ன ஆயிற்று என்றார். ஒன்றும் ஆகவில்லை, பயமாக இருந்தது, இறக்கிவிட்டேன் என்றாள். பயப்படுகிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று அவர் சத்தம் போட்டார், அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு லதாவும் அவளும் தோப்பு முழுக்க இன்னொரு சுற்று நடந்து பார்த்தார்கள். பூவில் தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. கம்பி இல்லை, கயிறு இல்லை, பட்டம்கூட மாட்டிக்கொண்டிருக்கவில்லை. எங்கேயும் ஒன்றுமே இல்லை.

லதா வந்து பேட்டரியைக் கழற்றி நிழலில் வைத்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.